கம்பெனி மூடிய பிறகும் ஓடும் கார்: பழைய சாட்டர்ன் வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

விற்ற கம்பெனி கடையை மூடிவிட்ட ஒரு காரை நம்பி வாங்கலாமா? அமெரிக்காவில் குறைந்த விலைக்குப் பழைய கார் தேடுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் போக முடியாது. ஓல்ட்ஸ்மொபீல், பிளிமத், பான்டியாக், மெர்க்குரி என்று அங்கே மூடப்பட்ட பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஆளை எளிதில் ஏமாற்றுவது சாட்டர்ன். சரியானதைத் தேர்ந்தால் கொடுத்த காசுக்கு மேல் உழைப்பதும் அதே சாட்டர்ன்தான். காரணம், அந்த ஒரே சின்னத்தின் கீழ் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல வண்டிகள் விற்கப்பட்டன. ஒன்றின் என்ஜின் டென்னசியில் வார்த்தது, இன்னொன்றின் என்ஜின் ஹோண்டாவுடையது, மற்றொரு கார் முழுசாகவே பெல்ஜியத்தில் செய்து கப்பலில் வந்தது. "சாட்டர்ன் நல்ல வண்டியா?" என்று கேட்பதில் பயனில்லை. எந்த சாட்டர்ன், எந்த ஆண்டு, எந்த என்ஜின் என்று கேட்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சின்னக் கார் சந்தை ஹோண்டா, டொயோட்டா கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்த ரோஜர் ஸ்மித், பழைய பிரிவுகளை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது என்று முடிவு கட்டினார். சாட்டர்ன் திட்டம் 1983-இல் அறிவிக்கப்பட்டு, 1985-இல் தனிக் கம்பெனியானது. டெட்ராய்ட்டை விட்டுத் தள்ளி, டென்னசி மாநிலத்தில் நாஷ்வில்லுக்குத் தெற்கே ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூரில் தொழிற்சாலை எழுந்தது. மோட்டார் தொழிலாளர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமும் வழக்கமானதல்ல. வேலை நடக்கும் விதத்தைத் தொழிலாளர் குழுக்களும் நிர்வாகமும் சேர்ந்தே முடிவு செய்யும், சம்பளத்தில் ஒரு பங்கு உற்பத்தியைப் பொறுத்து ஏறும் இறங்கும் என்று அதில் இருந்தது. 1990 ஜூலை 30 அன்று முதல் கார் வெளியே வந்தபோது ஸ்மித்தும் சங்கத் தலைவர் ஓவன் பீபரும் அதில் ஏறி வந்தார்கள். மறுநாள் ஸ்மித் ஓய்வு பெற்றார்.

கார் அப்படியொன்றும் அதிசயம் அல்ல. 7,995 டாலரில் தொடங்கிய விலை நியாயமானது, பெட்ரோல் செலவும் குறைவு. ஆனால் என்ஜினை விரட்டினால் போடும் சத்தத்தை அன்றைய விமர்சகர்கள் யாரும் மன்னிக்கவில்லை. மக்களைக் கவர்ந்தது விற்பனைக் கூடம். ஒட்டியிருக்கும் விலைதான் விலை, பேரம் கிடையாது. விற்பவருக்குக் கமிஷன் வெறி இல்லாததால் வந்தவரைத் துரத்த மாட்டார். காரை ஒப்படைக்கும் நாளில் கடை ஊழியர்கள் எல்லாரும் கூடிக் கைதட்டிப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். டீலரிடம் போவதைப் பல் பிடுங்கப் போவதுபோல் நினைத்திருந்த ஊரில் இது பெரிய விஷயம். 1991-இல், தரமில்லாத கூலன்ட் ஊற்றப்பட்ட சுமார் 1,800 கார்களைப் பழுது பார்க்காமல், மொத்தமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு புதுக் கார் கொடுத்தார்கள். அந்தப் பெயர் நெடுநாள் நின்றது. 1994-இல் வாடிக்கையாளர்களை ஸ்பிரிங் ஹில்லுக்கு அழைத்து ஒரு திருவிழா நடத்தியபோது நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். சொந்த விடுமுறையைச் செலவழித்து, தாங்கள் வாங்கிய காரின் தொழிற்சாலையைப் பார்க்க!

அந்த ஆண்டு விற்பனை 2,86,000 வண்டி. அதுதான் உச்சம். பிறகு நடந்ததை அண்ணன் தம்பிச் சண்டை என்றே சொல்ல வேண்டும். ஷெவர்லே முதலிய மூத்த பிரிவுகள் எல்லாம் அதே கஜானாவை நம்பி இருந்தன. கடைக்குட்டிக்கு மட்டும் இவ்வளவு பணமா என்று முணுமுணுப்பு எழுந்தது. புது மாடலுக்குப் பணம் வரவில்லை. குடும்பம் பெருத்து, கொஞ்சம் பெரிய கார் கேட்ட பழைய வாடிக்கையாளருக்குக் காட்ட சாட்டர்னிடம் எதுவும் இல்லை. 2000 மாடலாக எல் வரிசை வந்தபோது அவர்களில் பலர் ஹோண்டா அக்கார்டில் ஏறிவிட்டிருந்தார்கள். 2002-இல் வியூ, 2003-இல் அயான், 2007-இல் ஆரா, அவுட்லுக், ஸ்கை, கடைசியாக ஐரோப்பிய ஆஸ்ட்ரா. ஆரா 2007-ஆம் ஆண்டின் சிறந்த வட அமெரிக்கக் கார் விருதையும் வாங்கியது. ஆனால் நல்ல வண்டிகள் வந்து சேர்ந்தபோது கையில் நேரம் இல்லை. 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. அடுத்த சில நாட்களில் பந்தய உலகப் பிரபலமான ரோஜர் பென்ஸ்கியின் நிறுவனம் சாட்டர்னை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. டீலர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் காரைச் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் முடிந்த பிறகு அதைச் செய்ய இன்னொரு தயாரிப்பாளர் வேண்டும். பேச்சு நடந்த தயாரிப்பாளரின் இயக்குநர் குழு மறுத்துவிட்டதால் செப்டம்பர் 30 அன்று பென்ஸ்கி விலகினார். அதோடு சாட்டர்ன் முடிந்தது. கடைகள் 2010-க்குள் மூடப்பட்டன.

ஆகவே இன்று நீங்கள் வாங்கப்போவதில் அந்தக் கைதட்டல் இல்லை. சாட்டர்னின் நல்ல பெயரில் பெரும்பங்கு கடைக்கும் கடைக்காரருக்கும் உரியது, இரண்டும் போய்விட்டன. "சாட்டர்னா? நல்ல கம்பெனியாச்சே" என்று பெரியவர்கள் சொன்னால் அவர்கள் சொல்வது உண்மைதான், உங்களுக்கு அது உதவாது.

உடன்பிறப்பு யார்?

மூடிய கம்பெனியின் காரை எடை போட நான் முதலில் கேட்பது, இதற்கு உடன்பிறப்பு உண்டா என்பதுதான். ஒரே அடித்தளத்தில், ஒரே என்ஜினோடு, வேறு பெயரில் விற்ற கார் இருந்தால் உதிரி பாகத்துக்குக் கவலைப்பட வேண்டாம். அவுட்லுக்கின் உடன்பிறப்புகள் ஷெவர்லே டிராவர்ஸ், ஜி.எம்.சி. அகேடியா, பியூக் என்க்ளேவ். ஆராவுக்கு ஷெவர்லே மாலிபு, அயானுக்கு ஷெவர்லே கோபால்ட், ஸ்கைக்கு பான்டியாக் சால்ஸ்டிஸ். கடை கவுன்ட்டரில் சாட்டர்ன் என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர், உடன்பிறப்பின் பெயரைச் சொன்னால் உள்ளே போய் எடுத்து வருவார். ஆனால் இது உள்ளுறுப்புக்கு மட்டும். முகப்பு விளக்கு, பம்பர், கிரில் போன்ற முகம் சார்ந்தவை சாட்டர்னுக்கே உரியவை. அவற்றுக்குக் காயலான் கடைதான் கதி. வாங்கும்போதே விளக்குகள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

முதல் சாட்டர்னான எஸ் வரிசைக்கு உடன்பிறப்பே இல்லை. என்ஜின், கியர் பாக்ஸ், உடல் எல்லாம் ஸ்பிரிங் ஹில்லுக்காகவே வடிவமைத்தவை. ஆனால் பன்னிரண்டு ஆண்டு, லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் அதன் பாகங்களை வெளிக் கம்பெனிகள் இன்றும் செய்கின்றன.

எஸ் வரிசை, 1991 முதல் 2002 வரை

சாட்டர்ன் என்று சொன்னால் பலர் நினைப்பது இதைத்தான். எஸ்.எல். நான்கு கதவு செடான், எஸ்.சி. கூப்பே, எஸ்.டபிள்யூ. வேகன். எல்லாவற்றிலும் ஒரே 1.9 லிட்டர் அலுமினிய என்ஜின். பெயரின் கடைசியில் 2 என்று இருந்தால் இரட்டை கேம், 124 குதிரைச் சக்தி. 1 என்றால் ஒற்றை கேம்; 1995 முதல் அதில் 100 குதிரைச் சக்தி, அதற்கு முன் 85 மட்டுமே. கூப்பே வேண்டுமென்றால் 1999-க்குப் பிந்தையதைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் பின்நோக்கித் திறக்கும் ஒரு குட்டிக் கதவு சேர்த்திருப்பார்கள். பின்சீட்டில் குழந்தையை உட்கார வைக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்தக் காரின் கதவுகளும் பக்கத் தகடுகளும் பிளாஸ்டிக். பானட், கூரை, டிக்கி மூடி மூன்றும் இரும்பு. கடைவாசலில் தள்ளுவண்டி மோதினாலும் கதவு நசுங்காது, துருவும் பிடிக்காது. வாங்குகிறவர் கண்ணைக் கட்டுவதும் இதுதான். இருபத்தைந்து வயது வண்டி வெளியே பளிச்சென்று நிற்கும். உள்ளே எலும்புக்கூடு எஃகு. மிச்சிகன், ஒகாயோ, நியூயார்க் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்த எஃகை அரித்திருக்கும், பிளாஸ்டிக் அதை மூடி மறைத்திருக்கும். சாதாரண இரும்புக் கார் என்றால் கதவடியில் துரு எட்டிப்பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் அந்தத் தகவல் கிடைக்காது. டார்ச் எடுத்துக் கீழே படுத்து, என்ஜினைத் தாங்கும் சட்டம், கதவுக்குக் கீழுள்ள உத்திரம், பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள், பிரேக் குழாய்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தரையில் படுக்கக் கூச்சப்படுகிறவர் டெக்சஸ், அரிசோனா மாதிரி வெயில் மாநிலத்து வண்டியைத் தேடலாம்.

தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் விபத்துக் கார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வெயிலில் பிளாஸ்டிக் விரியும் என்பதால் கம்பெனியே விட்ட இடைவெளி அது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் கடுங்குளிரில் அடிபட்டால் விரிசல் விடும். அப்போது பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள். காரின் விலையையே கூலியாகக் கேட்பார்கள். காயலான் கடையில் அதே நிறத்தில் ஒரு கதவுத் தகடு தேடிப் பிடித்தால் போதும். எல்லாம் போல்ட்டும் கிளிப்பும் போட்டு மாட்டியவை. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருந்தால் ஒரு மாலைப்பொழுது வேலை.

இனி என்ஜின். இதன் தலையாய குணம் ஆயில் குடிப்பது. பிஸ்டனில் ஆயில் ரிங் உட்காரும் பள்ளத்திலிருந்து ஆயில் வடியப் போதிய துளைகள் இல்லை. நாளாக நாளாகக் கரி அடைத்து, ரிங் ஒட்டிக்கொள்ளும், ஆயில் எரியும். ஒரு லட்சம் மைல் தாண்டிய வண்டியில் இது அனேகமாக இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, ஆயில் குறைவது தெரியாமல் ஓட்டிய முந்தைய சொந்தக்காரருக்கு. என்ஜினைப் போடும் முன் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். "இது ஆயிலே குடிக்காது" என்று விற்பவர் சொன்னால், கடைசியாக எப்போது அளந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் முகத்திலேயே தெரிந்துவிடும். குளிர்ந்த என்ஜினை முதலில் கிளப்பும்போது சங்கிலி குலுங்கும் சத்தம் சில விநாடிக்கு மேல் நீடித்தால் டைமிங் செயின் ஆயிலின்றித் தேய்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு, ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் பார்ப்பது பழக்கமாக வேண்டும். டிக்கியில் எப்போதும் ஒரு டப்பா ஆயில் இருக்கட்டும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: எரியும் ஆயில் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். கலிபோர்னியா போலப் புகைச் சோதனை கட்டாயமான மாநிலத்தில் இருந்தால், சோதனையில் தேறிய சான்றைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது, சில டாலர் விலையுள்ள ஒரு பொருள் செய்யும் அட்டகாசம். கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் நுனி பிளாஸ்டிக்கால் ஆனது. அது விரிசல் விட்டு, கூலன்ட் கசிந்து, கனெக்டரில் பச்சை பூக்கும். பிறகு என்ஜின் சூடா குளிரா என்று கணினிக்கே தெரியாது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், காலையில் கிளம்ப அடம் பிடிக்கும், விசிறி சுற்ற வேண்டியபோது சுற்றாது. இந்த அறிகுறிகளைக் கேட்டுப் பல மெக்கானிக்குகள் பெரிய பழுதுகளை மாற்றிக்கொண்டே போவார்கள். முதல் வேலையாகப் பித்தளை நுனி கொண்ட சென்சாரை வாங்கிப் போடுங்கள், கனெக்டரையும் சேர்த்து. அதுபோலவே, கியரில் போட்டு நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பயணி பக்கத்து மேல் என்ஜின் மவுன்ட்டின் ரப்பர் போயிருக்கும். அதுவும் சின்னச் செலவுதான். விற்பவருக்கு அது தெரியாமல் விலையைக் குறைத்துக் கேட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஒற்றை கேம் என்ஜினில் கூடுதலாக ஒன்று: கூலன்ட் டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டு ஆயில் கலந்திருக்கிறது.

ஆட்டோமேட்டிக் கியரைக் குளிர்ந்த நிலையில் ஒரு முறையும், அரை மணி நேரம் ஓட்டிய பின் ஒரு முறையும் சோதிக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸில் போடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் இடித்தால் வால்வு பாடி தேய்ந்திருக்கிறது. ரிவர்ஸே விழவில்லை என்றால் உள்ளே தண்டைப் பிடிக்கும் நட் கழன்றிருக்கும், கியர் பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும், நடையைக் கட்டுங்கள். இந்தக் கியர் பாக்ஸில் ஒரு நல்ல யோசனையும் இருக்கிறது. ஆயில் ஃபில்ட்டர் வெளியிலேயே திருகி மாட்டும் வகை. வீட்டிலேயே மாற்றலாம். வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

கையால் கியர் போடத் தெரிந்தவருக்கு என் சிபாரிசு, 1996-க்குப் பிந்தைய எஸ்.எல்.2, மேனுவல், தெற்கத்தி வண்டி. வேகன் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிந்தைய வண்டிகள்

வியூவில் ஒரு சூதாட்டம் உண்டு. 2002 முதல் 2005 வரை வந்த நான்கு சிலிண்டர் வியூக்கள் பலவற்றில் படிப்படியான கியர் இல்லாத, பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் இருந்தது. அதன் பழுதுகள் வழக்கு வரை போயின. அயானின் 2003, 2004 நான்கு கதவுக் கூப்பேயிலும் அது உண்டு. எந்த விலைக்கும் வேண்டாம். ஆனால் 2004 முதல் 2007 வரை வந்த வி6 வியூவின் பானட்டுக்கு அடியில் இருப்பது ஹோண்டாவின் 3.5 லிட்டர் என்ஜின், 250 குதிரைச் சக்தி, கியர் பாக்ஸும் ஹோண்டாவுடையதே. ஹோண்டாவை வெல்லப் பிறந்த கம்பெனி கடைசியில் ஹோண்டாவிடமே என்ஜின் வாங்கியது! வரலாற்றின் கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும், உங்களுக்கு அது லாபம். டைமிங் பெல்ட் ஒரு லட்சம் மைல் வாக்கில் மாற்றப்பட்டதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கியர் ஆயில் கையேட்டில் சொன்னது மட்டும். கண்ட ஆயிலை ஊற்றினால் கியர் பாக்ஸ் கெடும்.

அயானை வாங்குவதற்கு முன் ஒரு விஷயம் கட்டாயம். சாவி சுவிட்சின் பிடிமானம் தளர்ந்திருந்ததால், கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ ஓடும் காரை அணைத்துவிடும். அணைந்தால் ஏர் பேகும் விரியாது. இதே சுவிட்ச் இருந்த பல மாடல்களையும் சேர்த்து 124 மரணங்களுக்கு இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. 2014-இல் 2003 முதல் 2007 வரையிலான அயான் முழுதும் திரும்ப அழைக்கப்பட்டது. 2004-க்குப் பிந்தைய அயான்களுக்கு எலக்ட்ரிக் ஸ்டீயரிங் குறித்தும் தனி அழைப்பு உண்டு. பழுது நீக்கிய வண்டியானாலும், சாவியை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி, பொம்மை எதுவும் அதில் தொங்கக் கூடாது.

எல் வரிசையில் நான்கு சிலிண்டர் பரவாயில்லை. வி6-இல் டைமிங் பெல்ட்டும், என்ஜின் நடுவே புதைந்திருக்கும் ஆயில் கூலரும் செலவு வைக்கும். ரிலே வேன் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அவுட்லுக் பெரிய குடும்பத்துக்கு நல்ல வண்டி. ஆனால் அதன் 3.6 லிட்டர் என்ஜினில் டைமிங் செயின் நீண்டுபோகும், அதை மாற்றும் கூலி காரின் விலையில் பெரும்பங்கைத் தின்னும். கணினி சொல்லும்வரை காத்திருக்காமல் சீக்கிரம் சீக்கிரம் ஆயில் மாற்றியவரிடம் மட்டும் வாங்குங்கள். ஆரா கவலையில்லாத தேர்வு. ஸ்கை மனசுக்குப் பிடித்த இரண்டு சீட்டர், ரெட் லைன் டர்போவில் 260 குதிரைச் சக்தி, விலையும் இறங்கவில்லை. ஆஸ்ட்ரா ஓட்ட மிக இனியது, ஆன்ட்வெர்ப்பில் செய்தது. அமெரிக்காவில் குறைவாக விற்றதால் உடைந்த ஒரு கதவுப் பிடிக்குக்கூட ஐரோப்பாவில் தேட வேண்டி வரலாம். பொறுமைசாலிக்கு மட்டும்.

காகிதமும் காப்பீடும்

எந்த சாட்டர்னாக இருந்தாலும், முன் கண்ணாடிக்குக் கீழே ஓட்டுநர் பக்கம் தெரியும் பதினேழு எழுத்து அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இட்டுப் பாருங்கள். நிலுவையில் உள்ள திரும்ப அழைப்புகள் தெரியும். காசு கிடையாது. அந்த வேலையை ஷெவர்லே, பியூக், ஜி.எம்.சி., காடிலாக் டீலர்கள் இலவசமாகச் செய்து தர வேண்டும். கம்பெனி மூடிவிட்டதென்று யாராவது கைவிரித்தால் அடுத்த டீலரிடம் போங்கள். உதிரி பாகங்களுக்கு ஏ.சி. டெல்கோ பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் உதிரி பாகப் பிராண்ட் அது.

உரிமைப் பத்திரத்தில் 'சால்வேஜ்' என்ற முத்திரை இருந்தால், ஒரு காப்பீட்டு நிறுவனம் அந்த வண்டியை ஒருமுறை கைகழுவியிருக்கிறது. சாட்டர்னின் சந்தை விலை குறைவு என்பதால் ஒரு முகப்பு விளக்கும் பம்பரும் உடைந்தாலே கைகழுவிவிடுவார்கள். ஆகவே அந்த முத்திரை இருந்தும் வண்டி நன்றாக இருக்கலாம். என்ன அடிபட்டது என்பதற்குப் படம் காட்டினால் மட்டும் யோசிக்கலாம். அதே காரணத்தால், உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கான முழுக் காப்பீட்டுக்கு எஸ் வரிசையில் பணம் கட்டுவது வீண். காப்பீட்டு நிறுவனம் கொடுக்கப்போகும் தொகையைப் பிரீமியம் சீக்கிரமே மிஞ்சிவிடும். எதிராளிக்கான காப்பீட்டை மட்டும், அதைக் கொஞ்சம் தாராளமான தொகைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை டயருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.